‘பண்ணு’வை எடுத்துவிட்டால் ஆங்கிலம்: புதுச்சேரியிலிருந்து தரங்கம்பாடி வரை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ்பேட்டையில் வசிக்கும் ஒருவர் பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறார். கடலூர், பிச்சாவரம் வழியாகத் தரங்கம்பாடி போய், மறுநாள் அதே வழியில் திரும்புவது திட்டம். அவர், மனைவி, எட்டாம் வகுப்பு மகன், அம்மா என்று நாலு பேர். “ஆங்கிலம் படித்தால் புரிகிறது, பேச வாய் வரவில்லை. அன்றாடம் புழங்கும் சொற்களை இந்த இரண்டு நாளில் வழியிலேயே கற்றுக்கொள்ள முடியுமா? எத்தனை சொல், எப்படி?” என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் புதுச் சொற்களைத் தேடிச் சேர்க்கும் பயணமாக இதை ஆக்க வேண்டாம். கடலூரில் நெடுங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது ஒன்று உண்டு. ‘எனக்குச் சொல்லே தெரியாது சார்’ என்று வருபவரைத் தமிழில் பத்து நிமிடம் பேசவிட்டால் போதும், முப்பது நாற்பது ஆங்கிலச் சொல் தானாக வந்து விழும். அவை வாயில் இருக்கின்றன. தமிழ் வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் அவை ஆங்கிலம் என்று அவருக்கே தெரிவதில்லை. அவற்றை வெளியே எடுத்துப் புழங்கவிடுவதுதான் முதல் வேலை. அதற்குக் காரைவிட நல்ல வகுப்பறை கிடையாது. நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், வெளியே காட்சி மாறிக்கொண்டே இருக்கும், கேட்டுச் சிரிக்க வெளியாள் யாரும் இல்லை.

கிளம்பும் காலையிலேயே ஆரம்பிக்கலாம். அம்மா என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். “எல்லாம் பேக் பண்ணியாச்சா? லைட்டை ஆஃப் பண்ணு. அவனுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டியா? சும்மா வெயிட் பண்ண வைக்காத.” ஆங்கிலம் தெரியாது என்று சொல்லும் அம்மாவின் வாயில் எத்தனை ஆங்கில வினைச்சொல் பாருங்கள். தமிழில் நாம் எந்த ஆங்கில வினையை வாங்கினாலும் பின்னால் ஒரு ‘பண்ணு’வை ஒட்டவைத்துத்தான் வாங்குகிறோம். டிரைவ் பண்ணு, பார்க் பண்ணு, ஓவர்டேக் பண்ணு, ஆர்டர் பண்ணு, ஹெல்ப் பண்ணு, கிளீன் பண்ணு. அந்தப் ‘பண்ணு’வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முழு ஆங்கில வினைச்சொல். ‘ஓவர்டேக் பண்ணாதே’ என்று சொல்லத் தெரிந்தவருக்கு ‘டோன்ட் ஓவர்டேக்’ என்று சொல்ல ஒரே ஒரு சொல்தான் கூடுதலாக வேண்டும். ‘இங்கே பார்க் பண்ணலாமா?’ என்பது ‘கேன் வி பார்க் ஹியர்?’ ஆகிறது. எல்லாருக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்கு இதுவே விளையாட்டாக இருக்கட்டும். யாராவது தமிழில் ‘பண்ணு’ சொன்னால், அடுத்தவர் அதை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

சில இடத்தில் இது பலிக்காது. அந்த இடங்கள்தான் உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியவை. ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்பதில் பண்ணுவை எடுத்தால் ‘ஆஃப்’ மட்டும் நிற்கும், அது வினை ஆகாது. ‘டர்ன் ஆஃப் த லைட்’ என்று வரவேண்டும். ‘ஏசி போடு’ என்பதும் அப்படியே, ‘டர்ன் ஆன் த ஏசி’. ‘லேட் பண்ணாதே’ என்றால் ‘டோன்ட் பி லேட்’. ‘ரெடி பண்ணு’ என்றால் ‘கெட் இட் ரெடி’. பலிக்காதவற்றை மகனிடம் சொல்லி நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாளில் பதினைந்து இருபது சேரும். எத்தனை சொல் என்று கேட்டீர்களே, அந்தப் பதினைந்து இருபதுதான் என் பதில். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1920களில் டாக்காவில் வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்கள் சுமார் 2000ஐத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். இன்றும் அதை அடித்தளமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் ‘கெட்’, ‘டர்ன்’, ‘புட்’, ‘டேக்’, ‘பிரிங்’ போன்ற சின்னச் சின்ன வினைகள் இருக்கின்றன. நம் மாணவர்கள் பெரிய சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு இவற்றில்தான் தடுமாறுகிறார்கள்.

இன்னொன்று. வண்டி ஓட்டுபவரிடம் கேள்வி கேட்காதீர்கள், நோட்டைக் காட்டாதீர்கள். அவர் தாம் செய்வதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வரட்டும். ‘ஐம் ஸ்லோயிங் டவுன்’, ‘ஐம் டர்னிங் லெஃப்ட்’. நாம் ‘ஓரங்கட்டு’ என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் ‘புல் ஓவர்’. வண்டியைப் பின்னால் எடுப்பது ‘பேக் அப்’. கையும் காலும் செய்யும் வேலையோடு சொல்லும் சேர்ந்து வந்தால் அது மறப்பதில்லை. பின்னால் இருப்பவர்கள் பலகைகளைப் படிக்கட்டும். சாலைப் பலகைகளில் ‘அஹெட்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஸ்கூல் அஹெட், ஸ்பீடு பிரேக்கர் அஹெட், டோல் பிளாசா அஹெட். ‘முன்னால் வருகிறது’ என்று பொருள். அந்த ஒரே சொல்லை வைத்து மகன் ‘தேர் இஸ் எ பிரிட்ஜ் அஹெட்’, ‘தேர் இஸ் எ டீ ஷாப் அஹெட்’ என்று தரங்கம்பாடி வரை வாக்கியம் போட்டுக்கொண்டே வரலாம்.

புதுச்சேரிக்குள் மட்டும் கொஞ்சம் கவனம். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் பெயர்ப்பலகையில் ‘ரூ’ என்று தொடங்குவதெல்லாம் பிரெஞ்சு, தெரு என்று அர்த்தம். அதே எழுத்துகள் ஆங்கிலத்தில் ‘வருந்து’ என்ற பொருளுள்ள சொல். எட்டாம் வகுப்புப் பையன் அதை ஆங்கிலப் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி முள்ளோடைக்கு வருகிறீர்கள். எல்லை தாண்டும் முன் நம் ஊர்க்காரர்கள் பெட்ரோல் போட்டுக்கொள்ளும் இடம். ‘ஃபில் இட் அப், ப்ளீஸ்’ என்று சொல்லிப் பழக நல்ல வாய்ப்பு. இங்கே ஒரு முக்கியமான விஷயம். நாம் ஆங்கிலம் என்று நம்பிச் சொல்லும் பல சொற்கள் ஆங்கிலம்தான், ஆனால் இந்தியாவுக்கு வெளியே அவற்றுக்கு வேறு பொருள், அல்லது பொருளே இல்லை. பெட்ரோல் பங்க் என்றால் வெளிநாட்டில் புரியாது. ‘பெட்ரோல் ஸ்டேஷன்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘கேஸ் ஸ்டேஷன்’. ‘டிக்கி’ அங்கே ‘பூட்’, அமெரிக்காவில் ‘டிரங்க்’. என்னிடம் படித்த பையன் ஒருவன் வெளிநாட்டில் வேலைக்குப் போன புதிதில் வழியில் டயர் பஞ்சராகி, உதவிக்கு வந்தவரிடம் ‘ஸ்டெப்னி, ஸ்டெப்னி’ என்று பத்துமுறை சொல்லியிருக்கிறான். அவருக்கு விளங்கவே இல்லை. ‘ஸ்பேர் டயர்’ என்று தெரிந்திருந்தால் ஒரு நிமிட வேலை. அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்தவர்கள் 1904இல் மாற்றுச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து அந்தத் தெருவின் பெயரையே வைத்தார்கள். பிறந்த ஊரில் அந்தச் சொல் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது, நம் டிக்கியில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கடலூரில் ‘ஸ்டெப்னி’ என்றால்தான் மெக்கானிக்குப் புரியும். ஹோட்டல் என்றால் நமக்குச் சாப்பிடும் இடம், வெளியே தங்கும் இடம். ‘கவர்’ என்றால் நமக்கு பிளாஸ்டிக் பை, அங்கே மூடி அல்லது உறை. ‘பார்சல்’ நமக்குச் சாப்பாடு, அங்கே தபாலில் வரும் பொதி, சாப்பாட்டுக்கு ‘டேக்அவே’. இரண்டு பக்கமும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதனால் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள், ‘இங்கே’, ‘அங்கே’ என்று.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் கடலூர். இங்கே நேரம் ஒதுக்குங்கள், என் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. விடியற்காலையில் முதுநகர்ப் பக்கம் துறைமுகத்துக்குப் போனால் மீன் ஏலம் நடக்கும். அங்கே யாரிடமும் ஆங்கிலம் பேச வேண்டாம். மீன் விற்கும் அம்மாவிடம் தமிழ்ப் பெயரைக் கேளுங்கள், கேட்டபின் காருக்கு வந்து ஆங்கிலப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நெத்திலி ஆங்கிலத்தில் ‘ஆன்ச்சவி’, மத்தி ‘சார்டீன்’, கானாங்கத்தை ‘மாக்கெரல்’, வவ்வால் ‘பாம்ஃப்ரெட்’, கணவாய் ‘ஸ்க்விட்’, சூரை ‘டூனா’. இறாலுக்கு நாம் ‘ப்ரான்’ என்போம், அமெரிக்கர்கள் ‘ஷ்ரிம்ப்’ என்பார்கள். வஞ்சிரத்தை நம் ஊர் ஹோட்டல் பட்டியலில் ‘சீர் ஃபிஷ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயரை மட்டும் எழுதினால் பெட்டி நிறையச் சொல் இருக்கும், பேச்சு வராது. அதனால் ஒவ்வொரு மீனோடும் ஒரு வாக்கியம் சேருங்கள். ‘ஹவ் மச் இஸ் இட் எ கிலோ?’, ‘ப்ளீஸ் கிளீன் இட் அண்ட் கட் இட்’, ‘இஸ் இட் ஃபிரெஷ்?’. ஒரு மீனும் ஃபிஷ்தான், பத்து மீனும் ஃபிஷ்தான் என்பதை அம்மாவே மகனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

மீனவர்கள் ‘இன்னிக்கு மீன்பாடு எப்படி?’ என்று கேட்டுக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் அது ‘ஹவ்ஸ் த கேட்ச் டுடே?’. கேட்ச் என்றால் கிரிக்கெட்டில் பந்து பிடிப்பது என்று மட்டும் தெரிந்த பையனுக்கு, அதே சொல் வலையில் விழுந்த மொத்த மீனையும் குறிக்கும் என்று இங்கே தெரியும். கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்கிறார்களே, அதற்கு ‘மெண்ட்’. ‘தே ஆர் மெண்டிங் த நெட்ஸ்.’ ரிப்பேர் என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுப் பழகிய நமக்கு இது நல்ல சொல்.

அங்கேயே அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். வேற்றுமொழி வாயில் நுழையாது என்று அவர் சொன்னால், ஏலம் என்பதே போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை எல்லாம் அப்படித்தான். அறுபது எழுபது வருடமாக ஒரு தயக்கமும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார். எதிர்த்திசையிலும் சொற்கள் போயிருக்கின்றன. கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனது. வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளிவந்த தம் பயணநூலில் இந்தக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் இன்று ஒரு ஆங்கிலேயரிடம் ‘கேட்டமரான்’ என்றால் அவர் நினைப்பது இரண்டு அடிப்பாகம் உள்ள பெரிய படகை. கயிறு ‘காயர்’ ஆனது, சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடானி’ என்ற சூப் ஆனது. பண்ருட்டிப் பலாவுக்கு ஆங்கிலத்தில் ‘ஜாக்ஃப்ரூட்’ என்கிறோமே, அந்த ‘ஜாக்’ மலையாளச் ‘சக்க’ போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. என் வகுப்பில் இதைச் சொன்ன நாளில் பிள்ளைகளின் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்கவில்லை. ஆங்கிலம் அந்நியர் வீடு இல்லை, அங்கே நம் சாமானும் கொஞ்சம் கிடக்கிறது என்று அன்றைக்கு அவர்களுக்குப் பட்டது.

அப்புறம் தேவனாம்பட்டினம் கடற்கரை, சில்வர் பீச். அங்கே எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ‘கரண்ட்’. நமக்குக் கரண்ட் என்றால் மின்சாரம். கடற்கரை எச்சரிக்கைப் பலகையில் ‘ஸ்ட்ராங் கரண்ட்ஸ்’ என்று இருந்தால் அது வலுவான நீரோட்டம். ‘ரிப் கரண்ட்’ என்றால் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம். மேலே பார்த்தால் அமைதியாகத் தெரியும், இறங்கினால் கால் நிற்காது. வங்கக் கடலின் இந்தக் கரையில் அலை வலுவானது, பொங்கல் நாட்களில் கூட்டம் வேறு. ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு தண்ணீரில் இறங்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கூடவே ‘ஷாலோ’, ‘டீப்’ இரண்டையும் மகனுக்குச் சொல்லுங்கள். ஆழம் தெரியும், டீப் தெரியும். ஆழமில்லாததற்கு ‘ஷாலோ’ என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அலைக்கு ‘வேவ்’, கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதத்துக்கு ‘டைட்’. சுனாமி என்பதும் ஜப்பானியச் சொல்தான், துறைமுக அலை என்று பொருள். 2004 டிசம்பர் 26க்கு முன் இந்தக் கரையில் யாரும் அதைச் சொன்னதில்லை. அன்றைக்குப் பிறகு தெரியாதவர் கிடையாது. ஒரு சொல் மனத்தில் பதிவது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் துயரமான சான்று இல்லை.

அதே தேவனாம்பட்டினத்தில்தான் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர்களிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையிலான ஊர்களும் சேர்த்து என்று ஒப்பந்தம். நாலா பக்கமும் சுட்டுப் பார்த்தே எல்லை வகுத்தார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. ‘வித்தின் ரேஞ்ச்’ என்ற தொடரை விளக்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? குண்டு எட்டும் தூரம், செல்போன் எட்டும் தூரம், நம் கை எட்டும் விலை. அதுதான் ‘ரேஞ்ச்’, ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’, ‘ப்ரைஸ் ரேஞ்ச்’. பையனை அங்கே நிறுத்தி நாலு திசையையும் காட்டிச் சொல்லுங்கள்.

பிச்சாவரத்தில் படகில் ஏறும்போது ஒரு இலக்கணம் காத்திருக்கிறது. தமிழில் காரிலும் ஏறுகிறோம், பஸ்ஸிலும் ஏறுகிறோம், படகிலும் ஏறுகிறோம். ஆங்கிலத்தில் காரில் ‘கெட் இன்’, இறங்க ‘கெட் அவுட்’. பஸ், ரயில், கப்பலுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. இதற்கு நான் சொல்லும் எளிய வழி: உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் ‘ஆன்’, குனிந்து உட்கார்ந்தே இருக்க வேண்டியிருந்தால் ‘இன்’. துடுப்புப் படகில் எழுந்து நடந்தால் படகு ஆடும், அதனால் ‘கெட் இன் த போட்’. பைக்கும் சைக்கிளும் ‘ஆன்’. அவற்றில் உள்ளே என்று ஒன்று இல்லை. புத்தகத்தில் அரை மணி நேரம் படித்தாலும் குழம்பும் விஷயம், படகுத்துறையில் ஒரு காலை உள்ளே வைக்கும்போது புரிந்துவிடும். துடுப்புக்கு ‘ஓர்’, துடுப்புப் போடுவதற்கு ‘ரோ’, சுரபுன்னைக் காட்டுக்கு ‘மாங்க்ரோவ்’. அங்கே இவ்வளவு போதும். பிறகு பேசாமல் வேர்களையும் பறவைகளையும் பாருங்கள்.

நோட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்காதீர்கள். நான் இங்கே தமிழில் எழுதுவது உங்களோடு பேசுவதற்காக. நோட்டில் ‘பே’ என்று இருந்தால் அது விரிகுடாவா, பணம் கட்டுவதா? இரண்டுக்கும் நமக்கு ஒரே எழுத்து. ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருளை மட்டும் எழுதட்டும். உச்சரிப்பைச் செல்போன் அகராதியில் ஒலியாகக் கேட்டு, நாலு பேரும் ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். பஸ் என்பதைப் பஸ்ஸு என்றும் கார் என்பதைக் காரு என்றும் கடைசியில் ஒரு உகரம் சேர்ப்பது நம் வழக்கம். அதை மட்டும் கவனித்து விட்டுவிட்டாலே பேச்சு பாதி தெளிந்துவிடும்.

தரங்கம்பாடியில் இரவு தங்குகிறீர்கள். தங்கும் விடுதியில் மகனை முன்னால் விட்டு ‘வி ஹேவ் எ ரூம் புக்டு’ என்று சொல்ல வையுங்கள். வரவேற்பில் இருப்பவர் தமிழில் பதில் சொன்னாலும் பரவாயில்லை. சாப்பிட்ட பிறகு நோட்டை மூடிவைத்துவிட்டு, அன்று பார்த்த இடங்களை வரிசையாகச் சொல்லி, எங்கே என்ன சொல் வந்தது என்று நினைவிலிருந்து எடுத்துப் பாருங்கள். திரும்பப் படிப்பதைவிட, மறந்துபோகும் நேரத்தில் தேடி எடுப்பதுதான் சொல்லைத் தங்கவைக்கிறது. எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்து 1885இல் எழுதியதும் இதையொட்டியதுதான். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலுமே போய்விடுகிறது, அதன்பின் மெதுவாகத்தான் மறக்கிறது. அதனால்தான் நீங்கள் அதே வழியில் திரும்புகிறீர்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மறுநாள் பிச்சாவரம் திருப்பம் வரும்போது ‘இங்கே என்ன சொன்னோம்?’, கடலூர் வரும்போது ‘மீன்பாடு என்ன?’, முள்ளோடையில் ‘பங்க்குக்கு அங்கே என்ன பெயர்?’ என்று கேட்டுக்கொண்டே வரலாம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

மகன் கூச்சப்படுகிறான், தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்று பயப்படுகிறான் என்றும் கடைசியில் எழுதியிருந்தீர்கள். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு, சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் பற்றி அவனிடம் சொல்லுங்கள். 1706இல் இந்தக் கரையில் வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்து நாலு வயதுதான் இருக்கும். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஒரு தமிழ் வாத்தியாரை அழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தொடங்கினார். கேட்ட சொற்களை எழுதி எழுதிச் சேர்த்து அகராதியே தொகுத்தார். சில ஆண்டுகளில் தமிழில் நூல் அச்சிட்டார். அவர் எழுதிப் பழகிய அதே ஊர் மணலில் உங்கள் மகனும் அன்று மாலை தன் நோட்டில் உள்ள பதினைந்து சொல்லையும் விரலால் எழுதிப் பார்க்கட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.